இரண்டு குரல்கள், பதினான்கு இசைத்தட்டுகள்

2011 செப்டம்பரில் சுவீடன் நாட்டு இசைக்குழு ஒன்றின் பத்தாவது இசைத்தட்டு வெளிவந்தது. கேட்ட பழைய ரசிகர்கள் பலர் கொதித்துப் போனார்கள். தாளம் பிசகவில்லை, சுருதி விலகவில்லை, வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இருபது வருடங்களாகப் பாட்டின் நடுவே சிங்கம் போல உறுமிக்கொண்டிருந்த பாடகர், இந்தத் தட்டில் ஒரு தடவைகூட உறுமவில்லை. ஆரம்பம் முதல் கடைசி வரை இயல்பான குரலில் பாடிவிட்டார். அதுதான் அவர் செய்த குற்றம்.

அந்தக் குழுவின் பெயர் ஓபெத். அவர்கள் வாசிக்கும் வகைக்கு 'புரோகிரசிவ் மெட்டல்' என்று பெயர். மகள் வீட்டுக்கு வந்திருக்கும் இந்த மூன்று மாதத்தில் எனக்கு இவர்களோடு பழக்கம் ஏற்பட்டது. கல்லூரியில் படிக்கும் பேரன் அவர்கள் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட் வாங்கி வைத்துக்கொண்டு, "தாத்தா, நீங்களும் வர்றீங்க" என்று சொல்லிவிட்டான். எந்தக் கச்சேரிக்கும் வெறும் காதோடு போவது எனக்குப் பழக்கமில்லை. பாடப்போகிறவர் இதற்கு முன் என்னென்ன பாடியிருக்கிறார் என்று கேட்டுவிட்டுத்தான் போவேன். எத்தனை தட்டு என்று கேட்டேன். பதினான்கு என்றான்.

நாளைக்கு ஒன்றாக, வெளிவந்த வரிசையிலேயே, காலை நடையின்போது கேட்டு முடித்தேன். கூடவே அவற்றின் வரலாற்றையும் படித்தேன். இரைச்சல் என்று நான் ஒதுக்கி வைத்திருந்த ஒன்றுக்குள் இவ்வளவு நீண்ட கதை இருக்கிறது என்பது ஓர் ஆச்சரியம். அந்த 2011 சண்டையில் நியாயம் யார் பக்கம் என்பது வரிசையாகக் கேட்டபோதுதான் விளங்கியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஓர் ஊர், இரண்டு வேர்கள்

முதலில் இந்த வகை இசை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் என்று ஒரு தொழில் நகரம். 1965-இல் அங்கே டோனி அயோமி என்ற 17 வயதுப் பையன் உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தான். வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் கிடார் வாசிக்கப் போவதாகத் திட்டம். வேலையின் கடைசி நாளன்று இயந்திரத்தில் கை மாட்டிக்கொண்டது. வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. அவன் இடது கைக்காரன். வலது கை விரல்களால்தான் தந்தியை அழுத்தி வாசிக்க வேண்டும். தொழிற்சாலை மேற்பார்வையாளர் அவனுக்கு ஓர் இசைத்தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கிய பிறகும் வாசித்துப் புகழ்பெற்ற ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற கிடார் கலைஞரின் தட்டு அது. அதைக் கேட்ட அயோமி, பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் நுனிக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசிக்கத் தொடங்கினான். அழுத்தினால் வலிக்கும் என்பதால் மெல்லிய தந்திகளைப் போட்டான். பின்னாளில் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினான். சத்தம் கனத்தது, இருண்டது. 1970-இல் அவர்களுடைய பிளாக் சபாத் குழுவின் முதல் தட்டு வந்தது. ஹெவி மெட்டல் இசையின் வேர் அதுதான் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

இன்னொரு வேரும் அதே பர்மிங்ஹாமில்தான் இருக்கிறது. 1963-இல் அங்கே மெலட்ரான் என்ற வாத்தியத்தைத் தயாரிக்கத் தொடங்கினார்கள். பார்வைக்கு ஹார்மோனியத்துக்கு அண்ணன் மாதிரி. உள்ளே ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு துண்டு ஒலிநாடா. கட்டையை அழுத்தினால், முன்பே பதிவு செய்த வயலினோ புல்லாங்குழலோ கூட்டுக் குரலோ அந்த ஸ்வரத்தில் ஒலிக்கும். சுமார் எட்டு வினாடியில் நாடா தீர்ந்துவிடும். விரலை எடுத்துவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். நாடா ஓடும் வேகம் கொஞ்சம் ஆடுவதால் குரலில் ஒரு நடுக்கம், ஒரு சோகம். 1969-இல் கிங் கிரிம்சன் என்ற குழு தங்கள் முதல் தட்டில் அந்தச் சோகத்தை முழுவதும் பயன்படுத்திக்கொண்டது. மூன்று நிமிடப் பாட்டு என்ற அளவை உடைத்து, பத்து நிமிடம், இருபது நிமிடம், தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே பாட்டு என்று விரித்து வாசிக்கும் பாணிக்குப் 'புரோகிரசிவ் ராக்' என்று பெயர் வந்தது. யெஸ், ஜெனிசிஸ், கேமல், ஜெத்ரோ டல் எல்லோரும் ஏறக்குறைய அந்தக் காலத்தவர்கள்.

இந்த இரண்டு வேர்களும் ஆரம்பத்திலேயே ஒருமுறை தொட்டுக்கொண்டன. 1968 கடைசியில் சில வாரங்கள் அயோமி ஜெத்ரோ டல் குழுவில் கிடார் வாசித்தார். அந்தக் குழுவின் தலைவர், ஒற்றைக் காலில் நின்று புல்லாங்குழல் ஊதும் இயன் ஆண்டர்சன். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் கடைசியில் அவர் வருவார்.

ஸ்டாக்ஹோம் பையன்கள்

எண்பதுகளின் நடுவில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மெட்டலுக்கு இன்னும் கடுமையான ஒரு பிள்ளை பிறந்தது. அதற்கு 'டெத் மெட்டல்' என்று பெயர். அதில் பாடுவது கிடையாது, உறுமுவதுதான். சீக்கிரமே அது அட்லாண்டிக் கடலைத் தாண்டி சுவீடனின் தலைநகரமான ஸ்டாக்ஹோமில் வேரூன்றியது. 1990 வாக்கில் அந்த ஊர்ப் பையன்களில் பலர் இப்படிக் குழு சேர்த்து உறுமிக்கொண்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் டேவிட் இஸ்பெர்க். வில்பர் ஸ்மித் எழுதிய 'தி சன்பேர்ட்' என்ற ஆங்கில நாவலில் வரும் ஒரு கற்பனை நகரத்தின் பெயர் ஓபெட். நிலாவின் நகரம் என்று பொருள். அதைக் கொஞ்சம் மாற்றித் தன் குழுவுக்கு ஓபெத் என்று பெயர் வைத்தார். மிக்கேல் ஓகர்ஃபெல்ட் என்ற 16 வயதுப் பையனை, குழுவில் இருந்த மற்றவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், பேஸ் கிடார் வாசிக்கக் கூட்டிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் கோபித்துக்கொண்டு ஒட்டுமொத்தமாகப் போய்விட்டார்கள். 1992-இல் இஸ்பெர்க்கும் விலகிக்கொண்டார். கடைசியில் அழைத்து வந்த பையன்தான் வீட்டுக்குச் சொந்தக்காரன் ஆனான். இன்றுவரை பாடுவதும், கிடார் வாசிப்பதும், பெரும்பாலான பாட்டுகளை எழுதுவதும் ஓகர்ஃபெல்ட்தான்.

அவருக்கு இன்னொரு பைத்தியமும் உண்டு. எழுபதுகளின் பழைய இசைத்தட்டுகளைத் தேடித் தேடிச் சேர்ப்பவர். டெத் மெட்டல் குழுவின் தலைவர் வீட்டு அலமாரியில் கிங் கிரிம்சனும் கேமலும் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டால் இந்தக் கதை புரியாது.

முதல் மூன்று தட்டுகள்

முதல் தட்டு 'ஆர்கிட்', 1995-இல் பிரிட்டனின் கேண்டில்லைட் நிறுவனம் வெளியிட்டது. டெத் மெட்டல் தட்டு என்றால் மேலட்டையில் எலும்புக்கூடும் ரத்தமும் இருப்பது வழக்கம். இதில் ஒரே ஒரு ஆர்கிட் பூ. குழுவின் பெயரைக்கூட முன்பக்கத்தில் போடவில்லை. கேட்டால் உறுமல் இருக்கிறது, இரைச்சல் இருக்கிறது. நடுவில் திடீரென்று எல்லாம் அடங்கி, ஒற்றை அகூஸ்டிக் கிடாரும் மெல்லிய இயல்பான குரலும் வருகின்றன. பியானோ மட்டும் வாசிக்கும் ஒரு சிறு பகுதியும் உண்டு. முதல் நாள் நடையில் இதைக் கேட்டபோதே, உறுமாத அந்தக் குரலைக் குறித்துக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு 'மார்னிங்ரைஸ்'. ஐந்தே பாட்டுகள், ஒரு மணி நேரத்துக்கு மேல். அதில் ஒரு பாட்டு மட்டும் 20 நிமிடம். இன்றுவரை அவர்களுடைய மிக நீளமான பாட்டு அதுதான். இந்த இரண்டு தட்டுகளிலும் இளமையின் தாராளம் தெரிகிறது. ஒரு கருத்து முடியும் முன்பே அடுத்தது வந்துவிடும். தையல் தெரியும், துணி நல்ல துணி.

அதற்குப் பிறகு பேஸ் கிடார்காரரை விலக்கினார்கள். டிரம்ஸ் வாசித்தவர் விடுமுறைக்குப் பிரேசில் போனவர் அங்கேயே தங்கிவிட்டார். அவர்கள் இடத்துக்கு மார்ட்டின் லோபெஸ், மார்ட்டின் மெண்டெஸ் என்று இரண்டு மார்ட்டின்கள் வந்தார்கள். இருவருக்கும் தென்னமெரிக்காவின் உருகுவேதான் பூர்வீகம். 1998-இல் வந்த 'மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ்' தட்டில் மெண்டெஸுக்குப் பாட்டுகளைக் கற்க நேரம் போதாததால் பேஸ் கிடாரையும் ஓகர்ஃபெல்ட்டே வாசித்தார். இறந்துபோன ஒருவன் ஆவியாக வந்து, தன் காதலி தன்னை நினைத்துத் துக்கப்படுகிறாளா என்று பார்க்கும் கதை, தட்டு முழுவதும் ஓடுகிறது. ஒரு பாட்டின் வரிகள் முடியும் இடத்தில் அடுத்த பாட்டின் பெயர் வந்து நிற்கும். நம்முடைய அந்தாதியைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பேரனுக்கு அந்தாதி என்றால் என்னவென்று விளக்க அன்று மாலை ஒரு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது.

உறுமல் என்பது என்ன

நம் வயதுக்காரர்களுக்கு இந்த இசையில் பெரிய தடை அந்த உறுமல்தான். அதனால் அதைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நம் தொண்டையில் குரல் நாண்களுக்கு மேலே இன்னொரு ஜோடி மடிப்புகள் இருக்கின்றன. பொய்க் குரல்நாண் என்பார்கள். சாதாரணமாகப் பேசும்போது அவற்றுக்கு வேலை இல்லை. உறுமுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றையும் அதிர வைக்கிறார்கள். அப்போது குரலில் ஸ்வரம் மறைந்து, கரகரப்பும் கனமும் மேலே வருகின்றன. சும்மா கத்தினால் பத்து நாளில் தொண்டை போய்விடும். மூச்சை அடிவயிற்றிலிருந்து எடுத்து, தொண்டையை இறுக்காமல் செய்ய வேண்டிய பயிற்சி இது. தெருக்கூத்தில் விடிய விடிய உரத்துப் பாடும் கலைஞர்களைக் கேட்டவர்களுக்கு, கடுமையான குரலுக்கும் சாதகம் தேவை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான் கண்டுகொண்ட வழி ஒன்று உண்டு. உறுமல் வரும்போது வார்த்தையைத் தேடக்கூடாது. அதை ஒரு தோல் வாத்தியம் போலக் கேட்க வேண்டும். மூன்றாம் நாளிலிருந்து எனக்கு அது தொந்தரவாக இல்லை. ஐந்தாம் நாளில், அது நின்று இயல்பான குரல் வரும் இடத்துக்காகக் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஐந்தாம் நாள்

1999-இல் வந்த 'ஸ்டில் லைஃப்' மறுபடி ஒரு முழுக் கதை. மதத்தைக் கேள்வி கேட்டதற்காக ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவன், பல வருடம் கழித்து மெலிண்டா என்ற பெண்ணுக்காகத் திரும்பி வருகிறான். அவள் கொல்லப்படுகிறாள், அவனை ஊர் தண்டிக்கிறது. இங்கே இரண்டு குரல்களும் கதைக்கு வேலை செய்கின்றன. அவளை நினைக்கும்போது இயல்பான குரல், ஊரை நினைக்கும்போது உறுமல்.

இந்தத் தட்டு ஒரு பத்திரிகையாளர் மூலம் ஸ்டீவன் வில்சன் என்ற ஆங்கிலேயரிடம் போய்ச் சேர்ந்தது. போர்க்குப்பைன் ட்ரீ குழுவின் தலைவர். எழுபதுகளின் புரோகிரசிவ் இசையில் ஊறியவர். அவரே இவர்களுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த தட்டுக்குத் தயாரிப்பாளராகவும் வந்தார். அதுதான் 2001-இல் வந்த 'பிளாக்வாட்டர் பார்க்'. தலைப்பு, எழுபதுகளில் ஒரே ஒரு தட்டு போட்டுவிட்டு மறைந்துபோன ஜெர்மன் குழுவின் பெயர். பழைய தட்டு சேர்க்கிறவருக்குத்தான் இப்படித் தோன்றும். வில்சன் உறுமலில் தலையிடவில்லை. இயல்பான குரலைத்தான் அடுக்கடுக்காகப் பதிவு செய்து மெருகேற்றினார். பலர் இதுவே அவர்கள் உச்சம் என்கிறார்கள். கேட்டால் நீங்களும் மறுக்கமாட்டீர்கள். தையல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது.

அதுவரை அவர்கள் மேடையேறிய தடவைகள் மிகக் குறைவு. அமெரிக்காவில் முதல் கச்சேரியே 2000-இல்தான். ஆறு வருடம், நான்கு தட்டு, பெரிய வருமானம் ஏதுமில்லை. 'பிளாக்வாட்டர் பார்க்'குக்குப் பிறகுதான் உலகம் சுற்றத் தொடங்கினார்கள்.

பிரித்துப் பார்த்த வருடம்

என் கணக்கில், கதையின் திருப்பம் 2002, 2003-இல் நடந்தது. பலர் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டு தட்டுகளுக்கான பாட்டுகளை ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். ஒன்று 'டெலிவரன்ஸ்', அவர்களுடைய மிகக் கடுமையான தட்டுகளில் ஒன்று. மற்றது 'டேம்னேஷன்'. அதில் உறுமல் ஒரு இடத்திலும் இல்லை. எல்லாம் மெல்லிய பாட்டுகள். வில்சன் வாசிக்கும் மெலட்ரான் பின்னால் நடுங்கிக்கொண்டே வருகிறது. இரண்டையும் சேர்த்து ஒரே வெளியீடாகக் கொண்டுவர நினைத்தார்கள். நிறுவனம் ஒத்துக்கொள்ளாததால் 2002 நவம்பரில் ஒன்றும், 2003 ஏப்ரலில் மற்றதுமாக வந்தன. பதிவு நடந்துகொண்டிருந்த நாட்களில் ஓகர்ஃபெல்ட்டின் பாட்டி கார் விபத்தில் இறந்துபோனார். இரண்டு தட்டுகளையும் அவருக்கே சமர்ப்பித்திருக்கிறார். கடுமையும் மென்மையும் ஒரே துக்கத்தின் இரண்டு பக்கங்களாக அமைந்துவிட்டன.

2003 செப்டம்பரில் லண்டனின் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் அரங்கில் நடந்த கச்சேரியையும் இரண்டாகப் பிரித்தார்கள். முதல் பாதி மெல்லிய பாட்டுகள். இடைவேளைக்குப் பிறகு கனமானவை. அந்த ஒளிப்பதிவைப் பார்த்தேன். அந்தக் கூட்டம் முதல் பாதியை அமைதியாக, மரியாதையாகக் கேட்டிருக்கிறது. எட்டு வருடம் கழித்துக் கோபப்படப் போகிறவர்கள் அன்று அந்தக் கூட்டத்திலும் இருந்திருப்பார்கள்.

சென்னையும் லண்டனும்

அடுத்த ஐந்து வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2005-இல் பெரிய நிறுவனமான ரோட்ரன்னருக்கு மாறி 'கோஸ்ட் ரெவரீஸ்' வெளியிட்டார்கள். பேர் வீபெர்க் கீபோர்டு வாசிக்க நிரந்தரமாகச் சேர்ந்தார். பணத்துக்கு விலைபோய்விட்டார்கள் என்ற முணுமுணுப்பு அப்போதே தொடங்கியது. தட்டைக் கேட்டால் அதற்கான தடயம் ஏதும் இல்லை. லோபெஸ் உடல்நலமின்றி விலகினார். ஆரம்ப காலத்திலிருந்து கூட இருந்த கிடார் கலைஞர் பீட்டர் லிண்ட்கிரேனும் 2007-இல் விலகினார். புதியவர்களோடு 2008-இல் வந்தது 'வாட்டர்ஷெட்'. தலைப்புக்கு நீர்ப்பிரிமேடு என்று பொருள். ஒரு பக்கம் விழும் மழை ஒரு ஆற்றுக்கும் மறுபக்கம் விழுவது இன்னொரு ஆற்றுக்கும் போகும் மேடு. பின்னால் நடந்ததைப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது.

2009-இல் இவர்கள் நம் சென்னைக்கும் வந்தார்கள். ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் வாசித்தார்கள். நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இந்த இசையை எங்கே பிடித்தார்கள் என்று வியப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ளலாம். மான்கள் திரியும் அந்த வளாகத்தில் அன்று இந்த உறுமல் கேட்டிருக்கிறது.

2010-இல் இருபதாம் ஆண்டு நிறைவைக் கொண்டாடினார்கள். ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் நடந்த கச்சேரியின் அமைப்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முதல் பகுதியில் 'பிளாக்வாட்டர் பார்க்' முழுவதும். இரண்டாம் பகுதியில் மற்ற எட்டுத் தட்டுகளிலிருந்தும் ஆளுக்கொன்றாக, வெளிவந்த வரிசையிலேயே எட்டுப் பாட்டுகள். ஒரு குழு தன் ரசிகர்களை உட்காரவைத்துத் தன் சரித்திரத்தைத் தானே வாசித்துக் காட்டியது. அந்தப் பதிவின் மேலட்டையை, 1969-இல் டீப் பர்ப்பிள் குழு அதே அரங்கில் வாசித்த தட்டின் அட்டையைப் பார்த்து அப்படியே அமைத்தார்கள். தாங்கள் யாருடைய வாரிசு என்று சொன்ன விதம் அது. பழைய கணக்கையெல்லாம் தீர்த்துவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்புகிறவர்கள் செய்யும் காரியமும் அதுதான். அப்போது யாருக்கும் அது தெரியவில்லை.

மரமும் வேரும்

அடுத்த தட்டுக்கு ஓகர்ஃபெல்ட் முதலில் 'வாட்டர்ஷெட்' பாணியிலேயே இரண்டு பாட்டுகள் எழுதினார். இதே வழியில் போனால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று மெண்டெஸ் சொன்னார். ஓகர்ஃபெல்ட் அந்தப் பாட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டார். அதன் பிறகு பிறந்ததுதான் 2011-இன் 'ஹெரிடேஜ்'. தலைப்புக்குப் பரம்பரைச் சொத்து, பாரம்பரியம் என்று பொருள். உறுமல் இல்லை. புல்லாங்குழல் உண்டு, மெலட்ரான் உண்டு, ஜாஸ் போல நழுவும் தாளம் உண்டு. அந்த ஆண்டு சுற்றுப்பயணத்தில் பழைய பாட்டுகளிலும் மெல்லியவற்றையே தேர்ந்தெடுத்து வாசித்தார்கள். உறுமலைக் கேட்கக் காசு கொடுத்து வந்தவர்கள் ஏமாந்து திரும்பினார்கள்.

அவர்கள் கோபத்தை நான் ஏளனம் செய்யமாட்டேன். பதினைந்து வயதில் ஒரு குரல் ஒருவனைத் தாங்கிப் பிடித்திருக்கும். அவன் துக்கத்துக்கும் ஆத்திரத்துக்கும் அதுவே துணையாக இருந்திருக்கும். அந்தக் குரல் ஒருநாள் சொல்லாமல் நின்றுபோனால் வலிக்கத்தான் செய்யும். நமக்குப் பிடித்த பாடகர் புதிய பாணிக்குப் போனபோது நாமும் திண்ணையில் உட்கார்ந்து புலம்பியவர்கள்தானே.

ஆனால் அந்தத் தட்டின் மேலட்டையைப் பாருங்கள். ஒரு மரம். கிளைகளில் பழங்கள் போலக் குழுவினரின் தலைகள் தொங்குகின்றன. ஒரு தலை மட்டும் கீழே விழுந்துகொண்டிருக்கிறது. அப்போது விலகிய வீபெர்க்கின் தலை அது. முன்னாள் உறுப்பினர்கள் அடியில் மண்டையோடுகளாகக் கிடக்கிறார்கள். மரத்தின் வேர் கீழே நரகம் வரை போகிறது. அந்த நரகம் அவர்களுடைய டெத் மெட்டல் காலம். மரத்தை வெட்டிவிட்டோம் என்று அந்தப் படம் சொல்லவில்லை. வேர் எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. வேரைத் தெருவில் தோண்டி வைத்துக்கொண்டு யாரும் மரம் வளர்ப்பதில்லை.

சுற்றுப்பயணங்களில் அடுத்த வருடமே உறுமல் பாட்டுகள் திரும்பிவிட்டன. தட்டுகளில்தான் வரவில்லை. 2014-இல் 'பேல் கம்யூனியன்', 2016-இல் 'சார்சரஸ்', 2019-இல் 'இன் காடா வெனெனும்'. மூன்றிலும் இயல்பான குரல் மட்டுமே. கடைசியாகச் சொன்னதைத் தாய்மொழியான சுவீடிஷில் ஒரு தடவையும் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் பாடி இரண்டு பதிப்புகளாக வெளியிட்டார். முப்பது வருடம் அந்நிய மொழியில் பாடியவர் தன் மொழியில் பாடும்போது வார்த்தைகள் எப்படி உட்காருகின்றன என்று கேட்டுப் பாருங்கள். சுவீடிஷ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாத எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

உயில்

2024 நவம்பரில் பதினான்காவது தட்டு வந்தது. 'தி லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்', அதாவது கடைசி உயில். முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் ஒரு பணக்காரக் குடும்பம். தகப்பன் செத்துவிட்டார். பிள்ளைகள் மூவரும் உயில் வாசிப்பதைக் கேட்க உட்கார்ந்திருக்கிறார்கள்: இரட்டையர் இருவர், போலியோவால் பாதிக்கப்பட்ட ஒரு பெண். பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது. உயிலின் பத்திகளைப் போல ஒன்று முதல் ஏழு வரை எண்கள்தான். இரட்டையர் தன் ரத்தம் இல்லை என்கிறது உயில். சொத்து அந்தப் பெண்ணுக்குப் போகிறது. எல்லாம் முடிந்த பிறகு ஒரு கடிதம் வருகிறது. பெயருள்ள ஒரே பாட்டு அதுதான். அந்தப் பெண்ணும் அவர் மகள் இல்லை என்று அதில் தெரிகிறது. உயிலால் உடைந்த குடும்பங்களை நம் வயதில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இந்தக் கதைக்கு அகராதி தேவைப்படாது.

இந்தத் தட்டில்தான், 16 வருட இடைவெளிக்குப் பிறகு, உறுமல் திரும்பி வந்தது. ரசிகர்களைச் சமாதானப்படுத்த வந்தது போல அது ஒலிக்கவில்லை. செத்த பிறகும் வீட்டை ஆட்டிவைக்கும் ஒரு கிழவனின் கடுமையைச் சொல்ல வேறு எந்தக் குரல் பொருந்தும்? இத்தனை வருடம் பாடிப் பாடிப் பக்குவப்பட்ட இயல்பான குரல் பக்கத்திலேயே நிற்கிறது. ஒன்று மற்றதை மறைக்கவில்லை.

இடையிடையே ஒரு முதியவரின் குரல் உயிலை வாசிக்கிறது. அந்தக் குரல் இயன் ஆண்டர்சனுடையது. புல்லாங்குழலும் வாசிக்கிறார். தட்டு வெளிவந்தபோது அவருக்கு வயது 77. 1968-இல் விரல் நுனி இழந்த அயோமியைச் சில வாரம் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்த அதே ஆண்டர்சன், 56 வருடம் கழித்து, அந்த அயோமியின் வழியில் வந்தவர்களுக்கு வந்து வாசித்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு வேர்களும் மறுபடி தொட்டுக்கொண்ட இடம் இது.

நியாயம் யார் பக்கம்?

நடுவில் ஒரு தட்டை மட்டும் கேட்டு அதையே பிடித்துக்கொண்டவர்களுக்கு 2011 ஒரு துரோகம். முதலிலிருந்து கேட்டால், 1995-இன் முதல் தட்டிலேயே இரண்டு குரல்களும் இருக்கின்றன. எலும்புக்கூட்டுக்குப் பதில் பூ வைத்த அட்டையிலேயே செய்தி இருந்தது. 2003-இல் உறுமலே இல்லாத தட்டும் வந்துவிட்டது. மனிதர் மாறவில்லை, வைத்திருந்த இரண்டில் ஒன்றைக் கொஞ்ச காலம் கீழே வைத்தார். வற்புறுத்தலுக்கு அடங்கி முன்பே எடுத்திருந்தால் 2024-இன் உயிலுக்கு அந்தக் கனம் வந்திருக்காது. கலைஞன் ரசிகனுக்குக் கடன்பட்டிருக்கிறான் என்பது உண்மைதான். பழையதையே திரும்பக் கொடுப்பது அந்தக் கடனில் சேராது.

கேட்டுப் பார்க்க விரும்பும் நண்பர்களுக்கு: பதினான்கும் வேண்டாம், நான்கு போதும். முதலில் 'டேம்னேஷன்'. உறுமல் இல்லாததால் வீட்டில் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மெலட்ரானின் நடுக்கம் காதில் பதிந்த பிறகு 'ஹெரிடேஜ்'. அதன் பின் 'பிளாக்வாட்டர் பார்க்'. இதற்கு மட்டும் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி அவசியம். கடைசியாக உயில். அதைக் கேட்கும்போது பாட்டு வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாசிக்கும் முதியவரின் குரல் யாருடையது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.